உறையைப் பிறகு பிரிக்கலாம்

விசாரணை மேசையின் நடுவில் ஒரு பழுப்பு உறை கிடந்தது. வெட்டியெடுத்த தண்டவாளத் துண்டைப் பற்றி ஆய்வுக்கூடம் சொன்ன பதில் அதற்குள் இருந்தது.

காதுக்காரிக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே நோய் சொல்லிவிடுவாள் என்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அது. போன மாதம் ஒரு காலையில் ஓரிடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரயில் வர நாலே நிமிடம். சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடினாள்.

ரயில் நாற்பது நிமிடம் நின்றது. நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தையல்காரர் உள்ளேயே இறந்துபோனார்.

விரிசல் இருந்தால் தப்பினாள். இல்லையென்றால் வேலை போகும். வேலை போனால் போகட்டும், வெறும் பிரமைக்கு ஒரு மனுஷனைப் பலி கொடுத்தவள் என்ற பெயர் சாகும்வரை போகாது.

விசாரிக்க வந்த மூவரில் மீசைக்காரர் உறைக்குக் கை நீட்டினார். தலைவியாக உட்கார்ந்திருந்த ஒல்லியான அம்மா அதைத் தன் பக்கம் இழுத்து, மேலே டீ தம்ளரை வைத்துவிட்டார்.

"அப்புறம் பிரிச்சுக்கலாம். கொடியைத் தூக்கினப்போ இந்தப் பொண்ணு கையில இது இல்லையே."

பிறகு கேள்விகள். மந்தமாகக் கேட்டால் எத்தனை தடவை விரிசல் இருக்கும்? பத்தில் ஒரு தடவை. ரயிலில் எத்தனை பேர்? அறுநூறு. நோயாளி இருந்தது தெரியுமா? தெரியாது. தெரிந்திருந்தால்?

அங்கேதான் அவள் உடைந்தாள். மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொள்ள நேரம் பிடித்தது.

"தெரிஞ்சிருந்தாலும் நிறுத்தியிருப்பேம்மா."

மீசைக்காரர் பேனாவைத் திறந்தார். மூன்று கையெழுத்தும் விழுந்தன. கொடி காட்டியது சரி. அந்தச் சத்தம் கேட்கும் எவரும் இனியும் காட்ட வேண்டும்.

தீர்ப்பின் நகலையும் உறையையும் அந்த அம்மா அவள் கையிலேயே கொடுத்து அனுப்பினார்.

வராந்தாவில் நின்று பார்த்தாள். உறையின் வாயில் பசைநாடா ஒட்டியிருந்தது. அதன் அடியில், ஏற்கெனவே கிழித்த ஓரம்.

உள்ளே இரண்டு வரிகள். விரல் நீளத்துக்கு உள்விரிசல். வந்துகொண்டிருந்த ரயிலைத் தாங்கியிருக்காது.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே அந்த அம்மா ஒரு மணி நேரம் வாட்டி எடுத்தாரே. முதலிலேயே காட்டியிருந்தால் கைதட்டி அனுப்பியிருப்பார்களே.

தீர்ப்பை மறுபடி படித்தாள். விரிசல் என்ற சொல்லே அதில் இல்லை.

பத்தில் ஒன்பது தடவை அது இருக்காது. அந்த ஒன்பது தடவையும் கொடி காட்டப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த அம்மா இன்று கையெழுத்து வாங்கியிருந்தார்.