குழலில் இருந்த நம்பர்

மூன்றாவது நாளாக வடிவு துப்பாக்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் கோணியை விரித்து, குழலை ஒரு பக்கமும் கட்டையை ஒரு பக்கமும் பிரித்துப் போட்டிருந்தாள். துருவுக்கு முதலில் மண்ணெண்ணெய், பிறகு செங்கல் தூள், அதற்கும் மசியாத இடத்துக்கு அரம். கட்டைக்கு உப்புத்தாள். தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது.

நாளைக் காலை ஜமுனாமரத்தூர் ஸ்டேஷனில் துப்பாக்கியைக் காட்ட வேண்டும். வருசா வருசம் மார்கழியில் நடப்பதுதான். போன வருசம் துருவைப் பார்த்துவிட்டு அதிகாரி, இது சுடுவதற்கா அடுப்பு ஊதுவதற்கா என்று கேட்டாராம். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

லைசென்ஸ் தீர்த்தகிரியின் பேரில் இருக்கிறது. தேய்க்க வேண்டியவனும் அவன்தான். ஆனால் கட்டிய புருசன் உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

ஆடி மாதம் மகன் கிருஷ்ணனைக் காய்ச்சலோடு கட்டிலில் வைத்து மலையிறக்கினார்கள். பாதி வழியிலேயே கட்டில் திரும்பி வந்துவிட்டது.

அன்றிலிருந்து தீர்த்தகிரி பகலெல்லாம் இப்படித்தான் கிடக்கிறான். பொழுது சாய்ந்தால் மட்டும் எழுந்து, துப்பாக்கியில் மருந்து கெட்டித்துக்கொண்டு சாமை விளையும் கொல்லைக்குக் காவல் போவான். விடிந்துதான் வீடு.

அந்த ஒரு வேலையாவது செய்கிறானே, பன்றி அண்டாமல் இருக்கிறதே என்றது ஊர்.

களை, அறுப்பு, ஆடு, அடுப்பு எல்லாம் வடிவின் தலையில். பெற்ற பிள்ளைக்கு உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுவதற்குக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, துருவைத் தேய்க்கத் தேய்க்கக் குழலில் பள்ளம் பள்ளமாகக் கிளம்பியது. அம்மை கண்ட முகம் தோற்றது. பள்ளத்தை எல்லாம் அரத்தால் நிரவிக்கொண்டு வந்தாள்.

அரம் கொழுந்தனுடையது. சின்னராசு அதைக் கேட்டுக்கொண்டு வந்தவன், குழலைத் தூக்கி வெயிலில் பார்த்து அசந்துபோனான். பிறகு குழலின் அடிப்பக்கத்தில் கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினான்.

"அண்ணி, இந்த வட்டத்துல மட்டும் கை வெக்காதீங்க. நம்பர் இருக்குது. அது அழிஞ்சிட்டா துப்பாக்கிய அங்கயே வாங்கி வெச்சிக்குவாங்க, திரும்பி வராது. நம்ம மூணு வூட்டுக் கொல்லைக்கும் இது ஒண்ணுதான்."

"எனக்கு இன்னா தெரியும் நம்பரும் கிம்பரும்? எல்லாம் துருவாட்டமே இருக்குது."

சின்னராசு சிரித்தான். அரம் நாளைக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வடிவு கட்டையை மடியில் எடுத்து ஆமணக்கெண்ணெய் தடவினாள். தீர்த்தகிரி குறி பார்க்கும்போது கன்னம் பதியும் இடம் வழவழவென்று இருந்தது. அங்கே உப்புத்தாள் போட அவளுக்கு மனசு வரவில்லை. வெறும் விரலால் தடவினாள்.

குழல் வேறு கட்டை வேறாகக் கிடந்ததால் இரண்டு நாளாகத் தீர்த்தகிரி காவலுக்குப் போகவில்லை. அந்த இரண்டு ராத்திரியும் வடிவு தூங்கினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த தூக்கம்.

உள்ளே எட்டிப் பார்த்தாள். அவன் அசையவில்லை.

குழலை மடியில் கிடத்திக் கரி வட்டத்தைப் பார்த்தாள். போன வருசம் லாந்தர் வெளிச்சத்தில் பெரியவர்களுக்குப் பாடம் நடந்தபோது எட்டு நாள் போயிருக்கிறாள். எழுத்து தங்கவில்லை. எண் மட்டும் தங்கிவிட்டது. அது யாருக்கும் தெரியாது.

நாலு, ஏழு, பூஜ்யம், மூணு.

வாய்க்குள் ஒருமுறை படித்துவிட்டு, வட்டத்துக்குள் அரத்தை வைத்து அழுத்தினாள். பழைய வெட்டு, ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்தது. நாலு சீக்கிரம் போனது. ஏழும் பூஜ்யமும் போக நேரமானது.

நாளைக்கு அதிகாரி திட்டுவார். சின்னராசு தலையில் அடித்துக்கொள்வான். பானை தேய்க்கிற புத்தியில் நம்பரைத் தேய்த்தவள் என்று ஊர் சிரிக்கும். அடுத்த வருசம் பன்றி வந்து மூன்று கொல்லையையும் உழுதுவிட்டுப் போகும். போகட்டும்.

சாமை அறுத்து ஒரு மாதமாகிறது. வெறும் அரிதாள் நிற்கிற கொல்லைக்குத்தான் தீர்த்தகிரி, மருந்து கெட்டித்த துப்பாக்கியோடு தினம் தினம் காவல் போய்க்கொண்டிருந்தான்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடுமோ என்று பயம்.

மூணு மட்டும் இன்னும் லேசாகத் தெரிந்தது. வடிவு கையை உதறிக்கொண்டு மறுபடி அரத்தை எடுத்தாள்.