சோதனை மெயில்

"என்ன சந்தேகம், போச்சா?" பக்கத்து மேஜைக் கணக்கர் எட்டிப் பார்த்தார்.

"மானம்தான் போச்சு அண்ணே. மெயில் போகல."

மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் ஓயாமல் சந்தேகம் கேட்டதால் ஒட்டிக்கொண்ட 'சந்தேகம்' என்ற பட்டப்பெயர், இந்த லென்ஸ் கம்பெனிக்கும் அவன் கூடவே வந்துவிட்டது.

காலையில் வெளியூர் கிளம்பும்போது முதலாளி மேடம் சொல்லிவிட்டுப் போனது சின்ன வேலைதான். கம்பெனி சர்வர் இனிமேல் மெயில்களைத் தானே வெளியே அனுப்பக் கூடாது. வெளியே இருக்கும் ஒரு பெரிய சர்வரிடம் பெயரும் பாஸ்வேர்டும் சொல்லி ஒப்படைத்தால், அது கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"என் சொந்த முகவரிக்கு ஒரு சோதனை மெயில் அனுப்புங்க தம்பி. சாயங்காலத்துக்குள்ள வந்துட்டா உங்க வேலையை நிரந்தரம் பண்ணிடலாம்."

வகுப்பில் எழுதிய குறிப்பைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தட்டினான். தட்டியதைத் திரும்பப் படித்தான். படித்ததில் சந்தேகம் வந்து, அழித்துவிட்டு, அதையே மறுபடி தட்டினான். பெரிய சர்வர் ஒவ்வொரு முறையும் "நீ யார்?" என்று கேட்டுத் துரத்தியது. நியாயமான கேள்விதான், அவனுக்கே அதில் சந்தேகம் உண்டு.

கம்பெனி சர்வரோ, ஒவ்வொரு மெயிலுக்கும் 'பிறகு' என்று ஒரு குறிப்புப் போட்டு வைத்தது. நேர்காணல் முடிந்ததும் "அப்புறம் சொல்றோம்" என்பார்களே, அதே மரியாதையான மறுப்பு என்று அவன் எடுத்துக்கொண்டான்.

முதல் மெயிலில் 'வணக்கம் மேடம், இது சோதனை' என்று பணிவாகத்தான் எழுதியிருந்தான். போகாத மெயிலுக்குப் பணிவு எதற்கு? அடுத்ததில் 'இது எனக்கு வந்த சோதனை' என்றான். அதற்கடுத்து, 'என் தலைக்குள் இருப்பது மூளை என்று நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.' மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிப் போனபோது, 'இந்த நாற்காலியில் ஒரு பூந்தொட்டியை வைத்தால் கம்பெனிக்கு லாபம். நான் ராஜினாமா செய்கிறேன்' என்று எழுதி, அதையும் அனுப்பினான்.

அதுவும் போகவில்லை.

"ராஜினாமாகூட உருப்படியா அனுப்பத் தெரியல அண்ணே."

"விடு, அதுக்கும் ஒரு திறமை வேணும்."

பொழுது சாயும் நேரத்தில்தான் கண்ணில் பட்டது. பாஸ்வேர்டைக் கோப்பில் எழுதியிருந்தான். எழுதியதைக் கம்பெனி சர்வர் எடுத்துக்கொள்வதற்கான ஒற்றைக் கட்டளையைத் தட்டவே இல்லை. சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்கப் பூட்டைத் திட்டியிருக்கிறான்.

தட்டினான். 'வணக்கம் மேடம், சோதனை வெற்றி' என்று புதிதாக ஒன்று எழுதி அனுப்பினான். போயே போய்விட்டது!

"பலே!" கணக்கர் துள்ளினார். "நான் காலையில அனுப்பின விலைப்பட்டியலும் இப்பத்தான் போய்ச் சேர்ந்துச்சாம்!"

அவன் நிரந்தர ஊழியனைப் போல நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அப்போது போன் அடித்தது. மேடம்தான்.

"மெயில் வந்துச்சா மேடம்?"

"வந்துச்சு தம்பி, எல்லாமே வந்துச்சு. பூந்தொட்டிக்குச் சொல்லிட்டேன்."