அறுபத்திரண்டாம் வருஷத்து கிதார்

அவன் கிதாரை மேசைமேல் கிடத்தினான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

கிதார் ரிப்பேர் செய்யும் கிளமென்ட் அங்கிள் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். போன மாதம் இதே மேசையில்தான் இதன் கழுத்தில் குறுக்கே வரும் ஃப்ரெட் கம்பிகளைப் புதிதாக அடித்துக் கொடுத்தார். மூன்று வாரம் கிதார் அவரிடமே இருந்தது.

அந்த மூன்று வாரத்தைத்தான் அவன் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான்.

காலையில் கண்காட்சிக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்தவர்களின் வாத்தியங்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கப்போகிறார்கள். நடுப்பெட்டி தேவநேசனின் எலெக்ட்ரிக் கிதாருக்கு.

தேவநேசன் அவன் அப்பா. இறந்து நாலு வருஷம் ஆகிறது. கிதார் அறுபத்திரண்டில் செய்தது, துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கினேன் என்று அவர் சொல்லாத ஆள் கிடையாது.

கண்காட்சிக்காரர் அதைத் தூக்கினார். திருப்பினார். கழுத்தைத் தடவினார். திரும்பக் கீழே வைத்துவிட்டார்.

இது ரீஇஷ்யூ என்றார். பழைய மாடலைப் போலவே பிற்பாடு அச்சு அசலாகச் செய்து விற்கிறார்களே, அது. நல்ல கிதார்தான், ஆனால் அறுபத்திரண்டு இல்லை. அம்மா கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அவன் கண்ணுக்கு எல்லாமே தப்பாகத் தெரிந்தது. எடை குறைந்திருக்கிறது. தலைப்பக்கத்து எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. அப்பாவின் முழங்கை பட்டுப் பெயிண்ட் போன இடம்கூட அளவெடுத்துத் தேய்த்தது மாதிரி இருந்தது. இப்போது தேய்த்தே விற்கிறார்களாம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவன் பேய்க்கு ஒரு கண்ணாடியும் இருந்தது, கையில் திருப்புளியும் இருந்தது.

கண்காட்சிக்காரர் சொன்னதைச் சொல்லி, மாற்றிவிட்டீர்களா என்று கேட்டான்.

"அதே கிதார்தான் தம்பி," என்றார் அங்கிள்.

அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவன் அதைக் கவனித்துக்கொண்டான்.

"அப்ப எங்கப்பா ஊரெல்லாம் பொய் சொன்னாரா அங்கிள்?"

அங்கிள் மேசையில் சிதறிக் கிடந்த கம்பித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். சுவரில் ஒரு பழைய போட்டோ. ஸ்டூடியோ வாசலில் அப்பாவும் அவரும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

டப்பாவை மூடினார்.

"நான்தான் மாத்திட்டேன். ஒரிஜினல் எங்கன்னு மட்டும் கேக்காத தம்பி."

எதிர்பார்த்து வந்த பதில்தான். அப்பாவின் பெட்டியைக் கல்லறைக்குத் தூக்கியவர்களில் இவரும் ஒருவர். திட்ட வாயெடுத்தான், அழுகைதான் வந்தது. மென்று விழுங்கிவிட்டு, கிதாரை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

ஆட்டோவிலேயே எழுதினான். வாத்தியக்காரர்களின் வாட்ஸ்அப் குழு அது. அங்கிளும் அதில் உண்டு. இருக்கட்டும் என்றுதான் எழுதினான்.

கிளமென்ட்டிடம் யாரும் எதையும் ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். அப்பாவின் கிதாரை மாற்றிவிட்டார். அவரே ஒப்புக்கொண்டார்.

வீடு வருவதற்குள் பதில்கள் குவிந்தன. என் பேஸ் கிதாரும் அங்கே போய் வந்ததிலிருந்து சரியில்லை என்றார் ஒருவர். எனக்கு அப்போதே சந்தேகம் என்றார் இன்னொருவர். இத்தனை வருஷம் அவர் கையை நம்பிப் பிழைத்தவர்கள். உள்ளே திறந்து படம் எடுத்துப் போடு என்றார்கள்.

படம் எடுக்கத்தான் முன்பக்கத்து வெள்ளைத் தகட்டைக் கழற்றினான். பதினொரு திருகுகள். உள்ளே புது மரம் பளிச்சென்று தெரியும், அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மரம் தெரியவில்லை.

குழி முழுக்கத் தங்க நிறத்தில் தாள் ஒட்டியிருந்தது.

ஸ்டூடியோ டியூப்லைட்டுக்குக் கிதார் இரைகிறது என்று, அந்த இரைச்சலைத் தடுக்க ஒரு கோடை விடுமுறையில் அப்பா உள்ளே சாக்லேட் சுற்றிவரும் ஈயத்தாளை ஒட்டினார். சாக்லேட் தின்றது இவன். ஸ்பூனின் முதுகால் ஒவ்வொரு தாளையும் சுருக்கம் போகத் தேய்த்துக் கொடுத்ததும் இவன்தான். ஆறு வயது. ஒரு தாளில் மட்டும் சுருக்கம் போகவேயில்லை. பரவாயில்லடா என்று அப்பா அதையும் ஓரமாக ஒட்டினார்.

அது அந்த ஓரத்தில் இருந்தது.

அப்போதும் அவன் நம்பவில்லை. பழையதிலிருந்து பெயர்த்து இதில் ஒட்டியிருக்கலாமே. நகத்தால் விளிம்பைக் கீறினான்.

பழைய பசையோடு இறுகிப்போயிருந்த தாள், கீறிய இடத்தில் பொடியாக உதிர்ந்தது. இதை யாரும் எங்கிருந்தும் பெயர்த்திருக்க முடியாது.

இதுதான் அப்பாவின் கிதார். எப்போதும் இதுதான். கப்பல்காரன் யாரும் இல்லை. எத்தனையோ முறை இதைக் கழற்றி மாட்டிய அங்கிளுக்கு அது என்றைக்கோ தெரிந்திருக்கும். ஒருவரிடமும் சொல்லவில்லை.

போன் அதிர்ந்தது. குழுவில் அங்கிள் எழுதியிருந்தார்.

"தப்பு என்னுடையது. தேவநேசன் அண்ணன் கடைசிவரை வாசித்தது ஒரிஜினல். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்."

அவன் சுருக்கம் போகாத தாளைப் படம் எடுத்தான். அங்கிள் எதையும் மாற்றவில்லை என்று தட்டினான். அடுத்த வரியில், எங்கப்பா என்று தட்டினான்.

அதற்கு மேல் விரல் போகவில்லை.

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அங்கிள் என்னடா சொன்னாரு?"