தீப்பந்து போன திசை

ஸ்கைலாப் விண்வெளி நிலையம் தலையில் விழும் என்ற பீதி ஓய்ந்த மறுமாதம், ஒரு சாயங்காலம் வானத்தில் தீப்பந்து பாய்ந்தது. பின்னாலேயே வந்த வெடிச்சத்தம் கொழிஞ்சாம்பாறையைக் குலுக்கியது. போன திசை தெரிந்தால்தான் விழுந்த கல்லைத் தேட முடியும் என்று கல்லூரி ஆராய்ச்சியாளர் தங்கவேலு வீடு வீடாக விசாரித்தார்.

“சத்தத்துல எங்க எருமை கோயமுத்தூருக்கே ஓடிப்போச்சுங்க,” என்றார் குப்பண்ணன்.

“தீப்பந்து எந்தப் பக்கம் போச்சு?”

“பாக்கலீங்க. எரிநட்சத்திரம் பாத்தா மறதி வந்துருமில்லீங்களா? அது வராம இருக்கோணும்னு உடனே பச்சை மரத்தைப் பாத்துட்டனுங்க.”

ஊரே அதைத்தான் சொன்னது.

தங்கவேலு தலையில் அடித்துக்கொண்டார். “ஒருத்தராவது கடைசி வரைக்கும் வானத்தைப் பாத்திருக்கக் கூடாதா?”

குப்பண்ணன் மனைவி வள்ளியாத்தாள் மோர் நீட்டினாள். “ஏனுங்க, அப்ப நீங்க எங்கிருந்தீங்க?”

“கல்லூரி மொட்டை மாடியில.”

“அப்ப நீங்களே பாத்திருப்பீங்களே?”

தங்கவேலு மோரை மெதுவாகக் குடித்து முடித்தார்.

“எதிர்ல பச்சைப்பசேல்னு ஒரு வேப்பமரம் இருந்துச்சுங்க.”