கடைசிப் பலகை

"போதும்ட்டி சுகிர்தம், ஊசியக் கீழ வையி. நாளைக்குப் பண்டிகைய வச்சுக்கிட்டு இங்கன என்ன செய்யுத?"

தையற்கடை முதலாளி சிவனணைந்தபெருமாள் கடைமுகப்பின் நிரைப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தத் தொடங்கியிருந்தார்.

சுகிர்தம் தலை நிமிரவில்லை.

"இந்தக் காஜா ஒண்ணுதான் அண்ணாச்சி."

அந்தப் பொத்தான் காஜா முன்பே முடிந்திருந்தது. அதைப் பிரித்துவிட்டு மீண்டும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைத்தெருவின் கீழ்க்கோடியில் ஜால்ரா ஒலித்தது. கிறிஸ்துமஸ் பஜனைக்காரர்கள் புறப்பட்டுவிட்டார்கள். அவர்கள் இந்த வாசலுக்கு வந்து சேருமுன் கடை அடைபட்டுவிடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலாளியோ இவ்வாண்டு விளக்கு வைக்குமுன் அடைத்துவிடுவதென்று உறுதி பூண்டிருந்தார்.

சென்ற ஆண்டு பண்டிகையன்று கோவில் மணி அடிக்கும் வரையில் இயந்திரங்கள் ஓடின. வேலையாள் ஒருவர் தோளில் நூற்பிசிறோடு ஆராதனைக்கு ஓடியதை அவர் தம் கண்ணாலேயே கண்டார். தீபாவளியன்று தம்மை ஒருவர் அப்படி ஓடவிட்டால் பொறுப்போமா என்று அன்றிரவு மனைவியிடம் கேட்டாராம்.

ஆகையால் இம்முறை கார்த்திகை முடியுமுன்னரே தைக்கப் புதுத்துணி வாங்குவதை நிறுத்தினார். செங்கோட்டை மலையாளச் சீமையிலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்தபின் அவ்வூரிலிருந்தும் துணிகள் வந்துகொண்டிருந்தன. அவற்றைத் தைத்து முடித்து, துணி வெட்டும் மூசாவிடம் கொடுத்தனுப்பினார். விடுமுறை நாட்களில் கடையைப் பார்த்துக்கொள்ள மூசாவையும் தையற்காரர் சங்கிலிப்பாண்டியையும் அமர்த்தினார். கிறிஸ்தவ வேலையாட்களுக்குப் புத்தாடை கொடுத்து, நண்பகலிலேயே வீட்டுக்கு அனுப்பினார். இயந்திரங்களுக்கு எண்ணெய் விட்டு உறையும் போட்டாயிற்று.

சுகிர்தம் ஒருத்திதான் இந்த ஏற்பாட்டில் அடங்கவில்லை.

"அண்ணாச்சி, அவ இன்னும் ரெண்டு காஜா எடுத்தான்னா அதுல சட்டை இருக்காது, காஜாதான் இருக்கும்" என்றார் மூசா, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே.

முதலாளி சிரித்தார். அது பொங்கலுக்குக் கொடுக்க வேண்டிய சட்டை என்பதை அவரும் அறிவார்.

சுகிர்தத்தின் விரலில் ஊசி ஏறியது. வாயில் வைத்து உறிஞ்சியபடியே தெருவுக்குக் காதைக் கொடுத்தாள்.

பாத்திரக்கடை வாசலில் பாடுகிறார்கள். சரணங்கள் ஒன்றையும் விடாமல் பாடுகிறார்கள். இத்தனை நீளமான பாட்டை எவர் எழுதினார் என்று அவளுக்குக் கோபம் வந்தது.

குற்றால மலையிலிருந்து இறங்கிய குளிர்காற்று பலகைகளின் இடுக்கில் நுழைந்தது. இன்னும் ஒரு பலகையே மிச்சம்.

"பஜனை கேக்கணும்னா ஒன் வீட்டு வாசல்ல கேட்டுக்கிட வேண்டியதுதானட்டி. பின்தெருவுலதான இருக்க? அங்கனயும் வருவாங்கள்லா?"

அவர்மேல் குற்றமில்லை. மார்கழியில் அவர் தெருவில் வரும் பஜனை எந்த வீட்டையும் ஒதுக்குவதில்லை. இதுவும் அத்தகையதே என்று எண்ணிவிட்டார்.

"வருவாங்க அண்ணாச்சி" என்றாள்.

அது பொய்யன்று. அவர்கள் வரத்தான் செய்வார்கள். அவள் மாரியம்மன் கோவிலில் வேல்சாமிக்கு மாலையிட்டு மனைவியான நாள் முதலாகச் சபை அவளைப் புறத்தே நிறுத்தியிருந்தது. அவள் வீட்டுக்கு நேரே வந்ததும் பாட்டு நிற்கும். விளக்கு மட்டும் நடந்து போகும். அடுத்த வீட்டு வாசலில் பாட்டு மறுபடியும் தொடங்கும்.

இதை முதலாளியிடம் சொல்வதற்கில்லை. சொன்னால் அவர் நேரே சபையாரிடம் போய் நியாயம் கேட்பார். அப்புறம் இந்த வாசலுக்கும் அவர்கள் வரமாட்டார்கள்.

அவர் கடைசிப் பலகையைத் தூக்கினார்.

"வைக்காதீங்க அண்ணாச்சி!"

வாசலிறங்கப் போன மூசா நின்றார். முதலாளி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

சற்றைக்கெல்லாம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் கடைக்குள் வந்து விழுந்தது.

பாடினார்கள். முதலாளி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகுவித்து நின்றார். சுகிர்தம் வாசலுக்குப் போகவில்லை. உறை போட்ட இயந்திரங்களுக்கு நடுவே, தான் நாள்தோறும் அமரும் இடத்திலேயே, ஊசியும் கையுமாக அமர்ந்திருந்தாள்.

பாட்டு முடிந்ததும் சபையை நடத்தும் உபதேசியார் முன்னே வந்து கண்களை மூடினார். கழுத்தைச் சுற்றிக் கம்பளித்துண்டு கட்டிய முதியவர். மழைக்காக வேண்டினார். இக்கடையின் தொழிலுக்காக வேண்டினார். முதலாளியின் குடும்பத்துக்காக வேண்டினார். ஆண்டுதோறும் இதே வரிசைதான்.

அடுத்த வரிக்காகச் சுகிர்தம் காத்திருந்தாள்.

"இந்த இடத்திலே வேலை செய்கிற யாவரையும் ஆசீர்வதியும், ஆண்டவரே."

யாவரையும் என்றார். வேலை செய்யும் இடத்தில் இருந்தால் அவளும் அதில் ஒருத்தி.

"ஆமென்" என்றார்கள் எல்லாரும். அவளுடைய உதடும் அசைந்தது.

உபதேசியார் கண்களைத் திறந்தார். கடைக்குள்ளே பாராமல், முதலாளியை வணங்கிவிட்டுத் திரும்பினார். விளக்கு நகர்ந்தது. ஜால்ரா பின்தெருவை நோக்கிப் போயிற்று.

முதலாளி பலகையைப் பொருத்தினார்.

"பெரியவருக்கு இந்த வருசம் தொண்டை கம்மிப்போச்சே" என்றார்.

சுகிர்தம் சட்டையை மடித்து வைத்தாள்.

"அப்பாவுக்குப் பனி ஒத்துக்கிடாது அண்ணாச்சி."