பதினைந்தாவது கேள்வி

ஜீப் டிரைவர் டீசல் திருடுகிறான் என்பது நாலாவது மணி நேரத்திலேயே அதிகாரிக்கு உறுதியாகிவிட்டது.

ஒரே ஆற்றை மூன்று தடவை பார்த்தாயிற்று. "இது அதே ஆறுதானே?" என்று கேட்டார்.

"இந்தக் காட்டுல எல்லா ஆறும் ஒரே ஜாடைதான் சார்" என்றான் டிரைவர், தலையைத் திருப்பாமல்.

அதிகாரி பாக்கெட் நோட்டை எடுத்து ஜீப் நம்பரைக் குறித்துக்கொண்டார். சுற்றி வளைத்து ஓட்டி டீசல் பில்லை ஏற்றுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலை இவன் மேல் புகார்.

அவர் தொலைதூரப் பகுதி வளர்ச்சித் துறையின் ஆய்வு அதிகாரி. துறை இருப்பது தலைநகரில், ஏழாவது மாடியில். காட்டு ஊர்களின் கஷ்டம் அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் 'முற்றுப்புள்ளி'. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவார். இருபத்தாறு வருஷ சர்வீசில் பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை என்பதில் மனிதருக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமை முதுகுவலிக்கு உதவவில்லை. பள்ளத்துக்குப் பள்ளம் ஜீப் அவரைத் தூக்கிப் போட்டது. மனைவி ஊதிக் கொடுத்தனுப்பிய காற்றுத் தலையணையும் ஆறாவது மணி நேரத்தில் ஓட்டை விழுந்து சுருங்கிவிட்டது.

துறையின் விதி ரொம்பச் சுலபம். நகரத்திலிருந்து போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அது பின்தங்கிய ஊர். அங்கேயே தங்கி வேலை பார்க்க ஒரு நர்ஸ் உண்டு, மருந்து உண்டு. ஆறு மணி நேரத்துக்குள் போக முடிந்தால் அது வளர்ந்த ஊர். வாழ்த்துக் கடிதம் வரும், நர்ஸ் போய்விடுவார்.

காலை ஐந்து மணிக்கு நகரத்திலிருந்து கிளம்பிய ஜீப் பிற்பகல் இரண்டு பத்துக்கு ஊரை அடைந்தது. ஊரைச் சுற்றி அன்னாசித் தோட்டங்கள். நர்ஸம்மாவின் அறை பெஞ்சில் அதிகாரி குப்புறப் படுத்தார். முதுகில் தைலம் தேய்த்த பிறகுதான் உட்கார முடிந்தது. ஆய்வுப் படிவத்தை எடுத்து வைத்துக்கொள்ள மேஜையில் இடம் ஒதுக்கினார்.

மேஜையில் ஒரு பேப்பர் கிடந்தது. தேதியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

இன்றைய பேப்பர். அவர் கிளம்பும்போது அவர் தங்கியிருந்த விடுதிக்கே அது வந்திருக்கவில்லை.

"இது எப்படி எனக்கு முன்னாடி வந்துச்சு?"

நர்ஸம்மா டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தரையைப் பார்த்தான். அப்புறம் அவனே ஒப்புக்கொண்டான்; அவனும் இந்த ஊர்க்காரன்தான். பாலம் கேட்டு ஊர்க்காரர்கள் பதினோரு வருஷம் மனு கொடுத்தார்களாம். லாரி வருவதற்குள் பழமெல்லாம் அழுகிப்போகிறதே என்று ஊரே சேர்ந்து மரம் வெட்டித் தாங்களாகவே ஒரு பாலம் போட்டுவிட்டார்கள். அது வழியாக வந்தால் நகரம் இரண்டரை மணி நேரம். காலையில் பழம் ஏற்றிப்போன வண்டி திரும்பும்போது பேப்பர் வாங்கி வந்திருக்கிறது.

"நல்ல காரியம்தானே? அதை ஏன் என்கிட்ட மறைச்சே?"

"பக்கத்து ஊர்லயும் இப்படித்தான் சார் பாலம் போட்டாங்க. பெருமையா ஆபீசருக்குக் காட்டினாங்க. மாலை போட்டு, வளர்ந்த ஊர்னு போர்டு வச்சு, அதே வாரம் நர்ஸைத் தூக்கிட்டாங்க." டிரைவரின் குரல் இறங்கியது. "என் தங்கச்சியை அந்த ஊர்லதான் கட்டிக் குடுத்திருந்தோம். மூணாம் மாசம் பாம்பு கடிச்சுது. ரெண்டரை மணி நேரம்தானே, டவுனுக்குக் கொண்டு போயிடலாம்னு உங்க விதியில இருக்கு. பாதி வழியிலேயே போயிட்டா சார்."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"என்னால பொய் எழுத முடியாதுப்பா" என்றார்.

நர்ஸம்மா ஊசி மருந்துப் பெட்டியை மூடி வைத்தார். எத்தனை நாளில் இடமாற்ற உத்தரவு வரும் என்று மட்டும் கேட்டார். அதிகாரி படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை படித்தார், பிறகு இன்னொரு தடவை படித்தார். வேறு வழி இருக்கிறதா என்று அதில் ஒரு இடத்திலும் கேட்கவில்லை.

பதினாலாவது கேள்வி: ஆய்வு அதிகாரி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரம். ஒன்பது மணி பத்து நிமிடம் என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்தார்.

அவர் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க டிரைவருக்குத் துணிவில்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்துவிட்டான். "இனிமே மறைக்க என்ன சார் இருக்கு? பாலம் வழியா போயிடலாம். அஞ்சரை மணிக்கெல்லாம் விடுதியில வெந்நீர்ல குளிக்கலாம்" என்று சாவியை எடுத்தான்.

அதிகாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பையிலிருந்து சுருங்கிப்போன காற்றுத் தலையணையை எடுத்து நர்ஸம்மாவிடம் நீட்டினார்.

"இந்த ஓட்டையில ஒரு பிளாஸ்திரி ஒட்டிக் குடுங்கம்மா."

பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"பதினஞ்சாவது கேள்வி, திரும்பிப் போக எவ்வளவு நேரம் ஆச்சுன்னு. நான் பொய் எழுத மாட்டேன். வந்த வழியிலேயே விடு."