வழி சொன்னவர்

“என் பொண்டாட்டி ரத்னா மயங்கி வுழுந்துட்டா சார். கண்ணே தொறக்கல. சீக்கிரம் வா!” போனில் கத்தினார் பொன்னுரங்கம்.

“வந்துட்டோம்பா. அடையாறு ஆத்தோரம், மல்லிப்பூ தெருதானே?” என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர்.

“ஆமா சார். அம்மன் கோயிலைத் தாண்டுனா மூணாவது வீடு.”

“கோயில் கீது. வீடு எதுவும் இல்லையே?”

பொன்னுரங்கத்துக்குக் கோபம் தலைக்கேறியது. “இன்னா சார், வெளாட்றியா? பொறந்ததுலேர்ந்து இங்கதான் குடியிருக்கேன்!”

“யோவ், இங்க கம்பி வேலிதான் கீது. ஆத்தோரத்து வீட்டையெல்லாம் இடிச்சி, சனங்களை ஊருக்கு வெளிய கொண்டுபோய் வுட்டாச்சே!”

பொன்னுரங்கம் ஜன்னல் வழியே பார்த்தார். ஆறு இல்லை. எட்டாவது மாடி. எதிரே ஒரே மாதிரிக் கட்டடங்கள். பக்கத்து வீடுகளுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை.

“ஐயோ, ஆமா சார்! போன மாசம்தான் இங்க வந்தோம்.”

“சரி, அந்த அட்ரஸைச் சொல்லு. சீக்கிரம்.”

வாயைத் திறந்தார். “மல்லிப்பூ தெரு...” என்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் மல்லிப்பூ தெருதான்.

தினமும் காலையில் புது விலாசத்தைச் சொல்லிக்கொடுத்து, அவரைத் திருப்பிச் சொல்லவைக்கும் ரத்னா, காலடியில் பேச்சில்லாமல் கிடந்தாள்.